மென்பந்தாட்ட விதியில் மாற்றாட்டக்காரர்

மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டில், சிக்காக்கோ நகரத்துப் படகுக் கழகமொன்றின் மண்டபத்துள் ஜோர்ஜ் ஹான்கொக் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. நம்மிடையே அப்பெயரால் வழங்கும் கிரிக்கெற் வகை வேறு. இதன் தாய் விளையாட்டாகிய பேஸ்போல், மாற்றாட்டக்காரர் விடயத்தில் நெடுங்காலம் இறுக்கம் காட்டியது. காயமோ நோயோ நேர்ந்தாலன்றி, அல்லது எதிரணியினர் இசைந்தாலன்றி, ஒருவருக்குப் பதிலாக மற்றொருவர் இறங்குதல் இயலாதிருந்தது. 1891ஆம் ஆண்டு விதியே அக்கட்டினை முற்றாக அவிழ்த்தது. ஆயினும், வெளியேறியவர் அவ்வாட்டத்தில் மீண்டும் களம்புகார் என்னும் நியதி தொழின்முறைப் பேஸ்போலில் இன்றும் நிலைத்துள்ளது.

இவ்விடத்தில் மென்பந்தாட்டம் தாயின் வழியைப் பின்பற்றவில்லை. தொடக்க வரிசையில் இடம்பெற்றவர் வெளியேறின், ஒருமுறை மீண்டும் வரலாம். ஆனால், பந்தடிக்கும் வரிசையில் தமக்குரிய பழைய இடத்துக்கே வருதல் வேண்டும். மூன்றாமவராக அடித்தவர் மூன்றாமவராகவே மீள்வர்.

இதன் பயன் பெரிது. ஓட்டத்தில் மந்தமான பந்துபிடிப்பாளர் ஒருவர் முதலாந் தளத்தை அடைந்துவிட்டார் எனக் கொள்வோம். அவருக்குப் பதிலாக விரைந்தோடுபவர் ஒருவரைப் பயிற்றுநர் அனுப்புகின்றார். பேஸ்போலாயின், அந்த ஓர் ஓட்டத்துக்காகத் தேர்ந்த பிடிப்பாளரை ஆட்டம் முடியும்வரை இழக்க நேரிடும். மென்பந்தாட்டத்திலோ, தம் அணி பந்துவீசும் முறை வந்ததும் அவர் கையுறையுடன் திரும்பிவிடுவார். வாங்கிலிருந்து எழுந்துவந்த இளையவருக்கும் ஓடிப் பார்க்க ஒரு தருணம் கிடைத்துவிடுகின்றது. பாடசாலை அணிகளுக்கு இவ்விதியே பொருத்தமானதென்பது எம் துணிபு.