பன்னிரண்டு பெயர், பத்துக் குலம்: 1959ஆம் ஆண்டு அந்தமான் பழங்குடி ஆணையின் ஒரு வரி

தெற்கு அந்தமானின் பத்துபஸ்தியில் இன்று தமிழும் வங்காளமும் இந்தியும் தெலுங்கும் காதில் விழுகின்றன. 1858இல் தண்டனைக் குடியேற்றம் கரையேறுமுன் இந்தப் பக்கம் பேயா மக்களின் நிலம். 1901 கணக்கெடுப்பில் அவர்கள் 37 பேர், 1911இல் 10, 1921இல் ஒருவர், 1931இல் அந்தக் குலத்துக்கு நேரே சுழியம். ஆனால் அதற்கு இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 1959இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அந்தமான் நிக்கோபார் தீவுகள் பட்டியல் பழங்குடியினர் ஆணையில் 'பேயா' என்ற பெயர் சட்டப் பாதுகாப்புடன் அச்சேறியது. ஆளே இல்லாத பெயருக்கு உரிமை வந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆணையில் ஆறு பதிவுகள். ஜாரவா, நிக்கோபாரியர், ஓங்கே, சென்டினலியர், ஷொம்பென் ஆகிய ஐந்தும் ஒற்றைப் பெயர்கள். முதல் பதிவு மட்டும் நீள்கிறது: அந்தமானியர், சாரியார், சாரி, கோரா, தாபோ, போ, யெரே, கெடே, பேயா, பலாவா, போஜிகியாப், ஜுவாய், கோல். 'அந்தமானியர்' என்ற பொதுச்சொல்லைத் தள்ளினால் பன்னிரண்டு. அரசு ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே அறிந்து, தனித்தனியே ஏற்றதற்கு இவ்வரியே சான்று என்று எளிதில் சொல்லிவிடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. இவ்வரி 1950களின் மக்களைப் பார்த்து எழுதப்பட்டதன்று, 1901ஆம் ஆண்டின் ஓர் அட்டவணையைப் பார்த்து எழுதப்பட்டது.

அட்டவணை ரிச்சர்ட் கர்னாக் டெம்பிளுடையது. 1894 முதல் 1903 வரை தீவுகளின் தலைமை ஆணையர். 1901 கணக்கெடுப்பின் அந்தமான் தொகுதியை எழுதியவரும் அவரே. கைதிகளை ஆண்டவரே பழங்குடிகளையும் எண்ணினார் என்பதை மறக்கக்கூடாது. அவர் வடக்கிலிருந்து தெற்காக வைத்த குலங்கள் பன்னிரண்டு: சாரியார், கோரா, தாபோ, யெரே, கெடே, ஜுவாய், கோல், போஜிக்யாப், பலாவா, பேயா, ஓங்கே, ஜாரவா. முதல் பத்துக்கும் 625 பேர், ஓங்கே 672, ஜாரவா 585, ஆக மொத்தம் 1,882. எவரும் நெருங்கி எண்ணியிராத ஜாரவாக்களுக்கு 585 என்று ஒற்றைப்படையில் முடியும் துல்லியம்! 600 என்று போட்டிருந்தால் அது ஊகம் என்பதாவது தெரிந்திருக்கும். டெம்பிளிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். அவர் எழுத்தில் ஊகமும் எண்ணிக்கையும் ஒரே பத்தியில் ஒரே உடையில் நிற்கின்றன. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவர் மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன். 1906 முதல் 1908 வரை தீவுகளில் களப்பணி செய்து, 1922இல் நூல் வெளியிட்டார். ஓங்கேவையும் ஜாரவாவையும் தனியே ஒதுக்கிவிட்டு, பெரிய அந்தமானியர் எனப்படும் மற்றவர்களில் பத்துக் குலங்களைத் தந்தார். அவற்றில் சாரியார் இல்லை, சாரி உண்டு. தாபோ இல்லை, போ உண்டு. யெரே இல்லை, ஜெரு உண்டு. போஜிக்யாப் இருந்த இடத்தில் புச்சிக்வார்.

இப்போது ஆணையின் வரிக்குத் திரும்புவோம். யெரே, பலாவா, போஜிகியாப், ஜுவாய் எல்லாம் டெம்பிளின் வடிவங்கள். கடைசியிலிருந்து எண்ணினால் மூன்றாவதான போஜிகியாப்பில் ஓர் இகரம் கூடுதலாக நுழைந்திருக்கிறது. படியெடுத்தவரின் கை நழுவல் என்றே நினைக்கிறேன். ராட்கிளிஃப் பிரவுனின் சாயல் இரண்டே இடங்களில்: சாரி, போ. அவை நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். 'சாரியார்' முடிந்த காற்புள்ளிக்கு அடுத்து 'சாரி'. 'தாபோ' முடிந்த காற்புள்ளிக்கு அடுத்து 'போ'. வரிசையின் கடைசியில் சேர்க்கப்பட்ட புதுப் பெயர்களாக இல்லை. தத்தம் மறுபெயரின் தோளை ஒட்டி நிற்கின்றன. வரைந்தவர் டெம்பிளின் பத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வேறு வடிவம் கண்ட இரண்டு இடங்களில் அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டார் என்று கொண்டால் பன்னிரண்டில் இரண்டு கழியும்; மீதி பத்து. இரு அறிஞரின் கணக்கும் அங்கே பொருந்துகிறது. வரிசைமுறையும் இதற்குத் துணை: கெடே வரை டெம்பிளைப் போலவே வடக்கிலிருந்து இறங்கி, பின்பு தென்கோடிப் பேயாவுக்குத் தாவி மேலே ஏறுகிறது. ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய பட்டியல் இப்படி இருக்காது, மேசையில் தாள் வைத்துத் தொகுத்ததே இப்படி இருக்கும்.

மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானது. ஒரே பதிவில் மறுபெயர்களையும் கிளைப்பெயர்களையும் காற்புள்ளியிட்டு அடுக்குவது இந்தியா முழுவதும் இத்தகைய ஆணைகளின் வழக்கம்தான். ஆகவே அந்தமானில் மட்டும் விசேஷம் தேடுவானேன் என்று கேட்கலாம். கேட்கட்டும். அந்த வழக்கமே என் வாதத்துக்கு இடம் தருகிறது: காற்புள்ளி 'இன்னொரு குலம்' என்றும் பொருள்படும், 'இன்னொரு எழுத்துமுறை' என்றும் பொருள்படும், வரி தானாக எதையும் சொல்லாது.

இது வெறும் எழுத்துப்பிழை ஆராய்ச்சி அன்று. அரசியலமைப்பின் 342ஆம் பிரிவுப்படி, அறிவிக்கப்பட்ட பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டத்தால்தான் முடியும். 1964இல் பசவலிங்கப்பா வழக்கில், 'போவி' என்ற பெயர் யாரைக் குறிக்கிறது என்று அறியச் சாட்சியம் கேட்கலாம் என உச்ச நீதிமன்றம் விதிவிலக்காக ஒப்புக்கொண்டது. 2000இல் மிலிந்த் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு கதவை இறுக்கிச் சாத்தியது: 'ஹல்பா' என்று இருந்தால் ஹல்பாதான், 'ஹல்பா கோஷ்டி'யும் அதற்குள் அடங்குமா என்று விசாரிக்க நீதிமன்றத்துக்கே இடமில்லை. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்ற எந்தத் தமிழருக்கும் ஓர் எழுத்தின் எடை தெரியும். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் விசித்திரம் ஒன்று தென்படும். எஞ்சிய பெரிய அந்தமானியரின் கலப்பு மொழிக்கு அடித்தளம் ஜெரு. அந்த வடிவம் ஆணையில் இல்லை, 'யெரே' மட்டுமே உண்டு. உண்மையில் அவர்களைக் காப்பது வரியின் முதற்சொல்லான 'அந்தமானியர்'. பின்னால் வரும் பன்னிரண்டும் ஏறக்குறைய அலங்காரம்.

1956ஆம் ஆண்டின் மூன்றாவது ஒழுங்குமுறை, அதாவது பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, இவ்வளவு சுற்றிவளைக்கவில்லை. 'அந்தமானியர்' என்று ஒரே சொல், அத்தோடு சரி. நிலத்தை ஒதுக்கீட்டுப் பகுதியாக அறிவித்து, வெளியார் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழைவதைத் தடுத்தது. சட்டமன்றமே இல்லாத நிலப்பரப்புக்குக் குடியரசுத் தலைவர் அன்றைய 243ஆம் பிரிவின்கீழ் நேராக இயற்றிய சட்டம் அது. தீவுகளின் மக்களவை உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுத்தது 1967இல்தான், அதுவரை நியமனம். 1952இல் நியமிக்கப்பட்ட பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் நிக்கோபாரியர் என்பதையும், 1956 ஒழுங்குமுறை காக்கவந்த குடிகளில் நிக்கோபாரியரும் அடங்குவர் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

இங்கே ஓர் ஊகம். சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டே முன்வைக்கிறேன். குடிமகன் நாட்டில் எங்கும் நடமாடும் உரிமையை 19ஆம் பிரிவு தருகிறது. அதன் ஐந்தாம் உட்பிரிவு இரண்டு காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது: பொதுமக்கள் நலன், பட்டியல் பழங்குடியினரின் நலன். 1956இல் வேலி வந்துவிட்டது. ஆனால் வேலிக்குள் இருந்தவர்கள் பட்டியல் பழங்குடியினர் ஆனது 1959இல். இடைப்பட்ட மூன்றாண்டு அந்தத் தடை 'பொதுமக்கள் நலன்' என்ற ஒற்றைக்காலில்தான் நின்றிருக்க வேண்டும். இரண்டாவது காலைச் சீக்கிரம் ஊன்றும் அவசரத்தில் கையில் கிடைத்த பழைய அட்டவணை எடுத்தாளப்பட்டது என்றால், பேயா உள்ளே வந்த வழி விளங்குகிறது. பத்துபஸ்திப் பக்கம் தங்கள் மொழியில் அந்நியரை 'ஜாரவா' என்று அழைத்தவர்கள் அந்தப் பேயாக்களே. ஆணையின் இரண்டாம் பதிவு அவர்கள் வாய்ச்சொல். 'அங்' என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மக்களுக்கு அதுவே இன்று சட்டப் பெயர்.

என் கணக்கின் பலவீனமான கண்ணி தாபோ. 1901இல் தாபோவுக்கு நேரே இருந்த 48 என்ற எண்ணைப் பிற்கால அட்டவணைகள் போவுக்கு நேரே வைக்கின்றன. இரண்டும் ஒன்று என்பதற்கு நான் சாய்வது அதனால்தான். போ மொழியைக் கடைசியாகப் பேசிய போவா மூதாட்டி 2010 ஜனவரி 26இல் மறைந்தார். தாபோவும் போவும் வேறுவேறு என்று யாராவது நிறுவினால் என் பத்து பதினொன்றாகும். சாரியார், சாரி பற்றிய வாதத்துக்கு அதனால் சேதமில்லை.