பண்ணின் பெயரும் ராகத்தின் உயிரும்

திருவாய்மொழிப் பதிப்புகளில் பதிகங்களின் தலைப்பில் பண்ணும் தாளமும் குறிக்கப்பட்டிருப்பதை ஸேவித்திருப்போம். நாதமுனிகள் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் திவ்யப்பிரபந்தத்தை இசையோடு உபதேசித்தருளினார் என்று குருபரம்பரை கூறும். பொருளைப் பிள்ளான் முதலான பூருவாசாரியர்கள் சொல்லுக்குச் சொல் காத்தருளினர். பண்ணுக்கோ பெரும்பாலும் பெயரே எஞ்சிற்று. பெயர் நிற்க இசை மறைவது எவ்வாறு? இதற்கு விடை, அடியேன் வசிக்கும் பசுவந்தனைக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தின் இசை வரலாற்றில் உள்ளது.

முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் இறுதி நாட்களை அவ்வூரில், சமஸ்தான வித்வானாயிருந்த தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதருடன் கழித்தார். 1835ஆம் ஆண்டு நரகசதுர்த்தசியன்று சீடர்கள் ‘மீனாக்ஷி மே முதம்’ என்னும் கீர்த்தனையைப் பாடக்கேட்டே அவர் சரீரம் விட்டார் என்பது வழிவழிச் செய்தி. அதன் ராகம் பூர்விகல்யாணி. தீக்ஷிதர் மரபில் கமகக்கிரியா.

இந்த ராகத்திற்கும் பந்துவராளிக்கும் சுரத்தானத்தில் உள்ள வேறுபாடு தைவதம் ஒன்றே: முன்னதில் சதுச்ருதி, பின்னதில் சுத்தம். ஆயினும் கேட்போர் தைவதத்தை அளந்து ராகத்தை அறிவதில்லை. ஏறுகையில் நிஷாதத்தை விடுத்து ‘ப த ப ஸ’ என்று வளைந்து மேல்ஷட்ஜத்தை அடையும் நடையும், காந்தாரத்திலிருந்து ரிஷபத்திற்கு அசைந்திறங்கும் கனிவுமே அதனை அடையாளம் காட்டும். சுரங்கள் மூலம் போன்றவை. கமகம் அதன் வியாக்கியானம்.

இதனை உணர்ந்தே பாலுஸ்வாமி தீக்ஷிதரின் சுவீகார புத்திரர் சுப்பராம தீக்ஷிதர், தம் குடும்பத்தில் பேணப்பட்ட பாடாந்தரங்களைக் கமகக் குறியீடுகளுடன் எழுதினார். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் துணைநிற்க, ‘ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் தெலுங்கு லிபியில் வெளிவந்தது. ஈராண்டில் அவர் மறைந்தார். அக்குடும்பச் செல்வம் அவரோடு மறையவில்லை.

நம் பண்களுக்கு இத்தகைய நூல் வாய்க்கவில்லை. இன்று எங்கும் ஒலிக்கும் திருப்பாவை மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் சென்ற நூற்றாண்டில் அமைத்தவை. அவை இனியவை, போற்றத்தக்கவை. எனினும் நாதமுனிகள் உபதேசித்தருளிய பண்கள் அவையே என்று மயங்கலாகாது.

ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் அரையர் ஸேவை இன்றும் நடைபெறுகிறது. அவ்விசை பண்டைய பண்ணேயாயினும், காலத்தால் மாறியதேயாயினும், அரையர் குடும்பங்களின் வாக்கிலே வாழ்கிறது. அக்குடும்பத்துப் பெரியோர்களின் இசைவு பெற்று, அவர்கள் சந்நிதியிலிருந்து, ஒவ்வோர் அசைவையும் குறித்துவைப்பது நம் கடமை. ஏட்டில் பெயர் இருக்கிறதே என்று முன்னோர் ஆறியிருந்ததால் இழந்தோம். இருப்பதையேனும் இழவாதிருப்போமாக.