வெடிக்காத குழி

பாறையில் துளை போட்டு, வெடிமருந்துத் தோட்டாவும் அதைத் தூண்டும் கேப்பும் இறக்கி, மண்ணடைத்துப் பற்றவைத்த பிறகும் வெடிக்காமல் நின்றுவிடும் துளையே வெடிக்காத குழி. கல்குவாரிக்காரர்கள் இதை ‘மிஸ்பயர்’ என்பார்கள். பாறை உடைக்கும் வேலையில் மிகவும் பொறுமை வேண்டிய கட்டம் இது. வேலை பாதியில் நிற்கும், ஆட்கள் காத்திருப்பார்கள், உள்ளே இருக்கும் கேப்பு உயிரோடு இருக்கும்.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்தில் கரிசலுக்கும் செவலுக்கும் கீழே கடும்பாறை கிடக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்துத்தான் ஆக வேண்டும். கல்குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் வேறு. 2024 மே 1 அன்று காரியாபட்டியை அடுத்த ஆவியூர் பகுதிக் கல்குவாரி ஒன்றின் வெடிபொருள் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அது வெடிக்காத குழியால் வந்த விபத்து அல்ல. ஆனாலும் இந்த ஊர்களில் வெடிமருந்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை அது காட்டியது.

ஆபத்தின் மையம் தோட்டாவைவிடக் கேப்புதான். சுண்டுவிரல் நீளத்தில், பென்சிலைவிட மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு முனை மூடியிருக்கும். அடியில் பி.இ.டி.என். என்னும் வலுவான மருந்தும், அதன்மேல் ஈய அசைடு போன்ற மிக நுண்ணுணர்வுள்ள மருந்தும் இருக்கும். அடி, உராய்வு, சூடு, தீப்பொறி எதுவானாலும் மேல்மருந்து வெடித்துக் கீழ்மருந்தைத் தூண்டிவிடும். கேப்பைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊறப்போட்டால் செத்துவிடும் என்று நம்புவது தவறு. ஈரம் உள்ளே போகாமலே இருக்கலாம். போனாலும் காய்ந்தபின் வேலை செய்யலாம்.

குழி வெடிக்காமல் போகப் பல காரணங்கள் உண்டு. திரி நனைந்திருக்கலாம், கேப்புக்குள் முழுதாகச் செருகாமல் இடைவெளி விழுந்திருக்கலாம், மண்ணடைக்கும்போது வயர் அறுந்திருக்கலாம். பல குழிகளை ஒரே நேரத்தில் வெடிக்கும்போது முதலில் வெடித்த குழியே பக்கத்துக் குழியின் இணைப்பைத் துண்டித்துவிடுவதும் உண்டு. அதனால் வெடி வைப்பவர் சத்தத்தை எண்ண வேண்டும். எட்டுக் குழிக்கு ஏழு சத்தம் கேட்டால், அல்லது எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால்கூட, ஒன்று நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

திரி மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் எரியும். ஈரம் பட்ட திரி உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடந்து, எல்லோரும் அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகு கேப்பைத் தொடும். காத்திருக்கும் விதி இதற்காகவே வந்தது. இந்திய உலோகச் சுரங்க விதிமுறைகள் 1961 (கல்குவாரிகளுக்கும் பொருந்துபவை) திரி வெடிக்கு 30 நிமிடமும் மின்கேப்பு வெடிக்கு 5 நிமிடமும் யாரும் அருகே போகக்கூடாது என்கின்றன. மின்கேப்பு என்றால் வயரையும் மின்மூலத்திலிருந்து கழற்றிவிட வேண்டும்.

அதன்பிறகும் செய்யத்தக்கது கொஞ்சம்தான். ஒரு முறை மருந்து இறக்கிய குழியில் மறுபடி துளை போடக்கூடாது. தோட்டாவையோ கேப்பையோ இழுத்தெடுக்கக்கூடாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, பழைய குழிக்கு இணையாகப் புதுக்குழி போட்டு வெடித்து, அந்த அதிர்ச்சியில் பழையதைக் கிளப்பிவிடுவதே முறை. பழைய குழி எந்தச் சாய்வில் போகிறது என்று தெரியாமல் இதைத் தொடங்கக்கூடாது. சாய்வு தவறினால் ஜாக்ஹேமர் உளி நேரே கேப்பில் போய் நிற்கும். வெடித்த குழியின் அடியில் மிஞ்சி நிற்கும் பொந்தும் இதே அளவு ஆபத்தானது. துளை பாதி தயாராக இருக்கிறதே என்று அதில் உளியை வைப்பது பழைய பழக்கம். கைவிட்டே ஆக வேண்டிய பழக்கம்.

விதி தெரிந்தவர்களே அதை மீறுவது, போட்ட மருந்து வீணாகிறதே என்ற எண்ணத்தால்தான். கிணற்று வேலையில் கூலி ஆழக்கணக்கில் பேசியிருந்தால் அரை மணி நேரக் காத்திருப்பே நட்டமாகத் தெரியும். கிணற்றுக்குள் ஆபத்தும் பெரிது. கயிற்றிலோ கிரேன் தொட்டியிலோதான் மேலே வர முடியும். ஓடி ஒதுங்க இடமில்லை. ஊற்றுநீர் திரியை நனைக்கிறது. கலங்கல் தண்ணீருக்கடியில் குழிவாய் தெரியாது. நீரை இறைத்து, குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை தூர் வாரும் ஆட்களை இறக்காமல் இருப்பதுதான் சரி.

புதுக்குழி வெடித்த பிறகும் வேலை முடிவதில்லை. பழைய கேப்பு வெடிக்காமல் கல்லோடு கல்லாகச் சிதறியிருக்கலாம். ஹிட்டாச்சி அள்ளி, டிப்பரில் ஏறி, கிரஷர் தாடைக்குள் போய் அது வெடித்தால் அங்கே நிற்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. ஆகவே அள்ளுவதற்கு முன் வெடி வைத்தவரே கல்குவியலைத் தேடிப் பார்க்க வேண்டும். ஷிப்டு மாறினால் எந்தக் குழி நின்றது என்பதை அடுத்து வருபவருக்கு எழுதியே கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. கிணற்று மேட்டில் கொட்டிய மண்ணிலும் கேப்பு கிடக்கக்கூடும். பளபளக்கும் குழாயைக் குழந்தைகள் எடுத்துக் கல்லால் தட்டிப் பார்ப்பார்கள்; பேட்டரியில் வயரை வைத்துப் பார்ப்பார்கள். கண்டவர் தொடாமல், அடையாளம் வைத்து, ஒருவரைக் காவல் நிறுத்திப் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

பொருள்களும் மாறிவருகின்றன. நைட்ரோகிளிசரின் வெடிமருந்துத் தயாரிப்பு 2004 ஏப்ரல் முதல் இந்தியாவில் நின்றுவிட்டது; இன்று வரும் தோட்டாக்கள் பெரும்பாலும் குழம்பு வகை. இருந்தும் செய்திகளில் அவை பழைய பெயரில் ‘ஜெலட்டின்’தான். 2025 ஏப்ரல் 1 முதல் மின்கேப்புகளும் தடை செய்யப்பட்டுள்ளன. அவற்றின் இடத்தில் வந்திருக்கும் மின்சாரமில்லாக் குழாய் வகையிலும் கடைசியில் இருப்பது அதே நுண்ணுணர்வுக் கேப்புதான். நமுத்த, பழுதான கேப்புகளைக் கிணற்றில் எறிவதும் மண்ணில் புதைப்பதும் கூடாது. உரிமம் பெற்றவரிடம் திருப்பி, வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோவின் வழிகாட்டுதலில் அழிக்க வேண்டும். அதன் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்திலேயே சிவகாசியில் ஓர் அலுவலகம் உண்டு.