கிழிக்கும் இடத்தில் பிறந்த பக்கம்

1959 அக்டோபரில் ஐபிஎம் தன் 1401 கம்ப்யூட்டரோடு 1403 என்ற பிரிண்டரையும் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 600 வரி. எழுத்துச் சங்கிலி சுழன்றுகொண்டே இருக்க, சுத்தியல்கள் பின்னாலிருந்து தாளை அடித்தன. ஓரமெல்லாம் துளையிட்ட தொடர்தாள், விசிறி மடிப்பாகக் குவிந்தது. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறது என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது.

ஆரம்பத்தில் அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை. துளையட்டைக் கட்டுகள் எந்த வரிசையில் உள்ளே போயினவோ, அதே வரிசையில் விடைகள் வெளியே வந்தன. ஆனால் பிரிண்டர் எவ்வளவு ஓடியும் கம்ப்யூட்டரின் வேகத்தை எட்டவில்லை. லட்சக்கணக்கான டாலர் இயந்திரம், தாள் அச்சாகும்வரை கைகட்டி நின்றது. அச்சுக்குப் போகவேண்டியதை முதலில் டிஸ்க்கில் சேர்த்துவைத்து, பிரிண்டர் ஓய்ந்ததும் எடுத்து அனுப்பும் 'ஸ்பூலிங்' வந்தது. 1960களில் ஹூஸ்டன் நாசா மையத்தில் ஐபிஎம்மின் டாம் சிம்ப்சனும் பாப் கிராப்ட்ரீயும் எழுதிய 'ஹாஸ்ப்' மென்பொருள் இதில் பேர்பெற்றது. அவசர வேலைகள் முந்தின, மற்றவை பின்தங்கின. வந்த வரிசை கலைந்தது. குவிந்த தாளில் எது யாருடையது?

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் பெயர் தாங்கிய ஒரு தனிப் பக்கம் அச்சானது. தூரத்திலிருந்தே படிக்கப் பெரிய எழுத்து வேண்டும். பிரிண்டரிடம் இருந்ததோ ஒரே அளவு எழுத்து. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, சின்னச் சின்ன எழுத்துகளை அடுக்கியே ஒரு பெரிய எழுத்தைக் கட்டினார்கள். அழகான தீர்வு. ஆனால் விசிறி மடிப்பு அதைக் கவிழ்த்தது.

மடிப்பில் ஒரு பக்கம் மேலே பார்த்தால் அடுத்த பக்கம் கீழே பார்க்கும். பெயர் கவிழ்ந்து கிடந்தால் என்ன பயன்? ஆகவே அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். சில அமைப்புகள் கிழிக்கும் துளைக்கோட்டின் மேலேயே நட்சத்திரக் குறிகளை அடித்தன. அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தால், விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு! பிரிக்காமலே ஆபரேட்டர் அங்கே விரல் வைத்துக் கிழித்தார். 'பர்ஸ்ட் (burst) பக்கம்' என்ற பெயர் அந்தக் கிழிப்பிலிருந்து வந்ததுதான். தொடர்தாளின் காலம் முடிந்தால் அதற்கும் முடிவு வரவேண்டியதுதானே?

வரவில்லை. 1980களில் பெர்க்லி யூனிக்ஸ் அதைச் சுமந்துகொண்டது. ஒரு பக்கக் கடிதத்துக்கும் ஒரு பெயர்ப் பக்கம் வீணானபோது, பிரிண்டர்களின் விவரக் கோப்பில் 'எஸ்ஹெச்' என்ற இரண்டே எழுத்து அதை நிறுத்தியது. 1990 ஆகஸ்டில் பெர்க்லி யூனிக்ஸின் அச்சு நெறிமுறை ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாகப் பதிவானது. அதன்படி, வேலையோடு செல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பில் 'எல்' என்று தொடங்கும் வரி இருந்தால்தான் பெயர்ப் பக்கம் உண்டு.

விண்டோஸ் என்டி-யில் அது ஒரு குட்டி எழுத்துக் கோப்பானது. முதல் வரியில் ஒரே ஒரு குறி, பெரும்பாலும் பின்சாய்கோடு. அந்தக் குறியோடு 'என்' சேர்ந்தால் அனுப்பியவர் பெயர், 'ஐ' சேர்ந்தால் வேலை எண், 'டி' சேர்ந்தால் தேதி. 'பி', 'எஸ்' இரண்டும் குறியோடு வந்தால், புள்ளிக்கோலம்போல் கட்டிய அதே பெரிய எழுத்து.

பத்துப் பேர் பகிரும் ஆபீஸ் பிரிண்டரில், பெயரும் தேதியுமாக முதலில் வந்து விழும் 'செபரேட்டர் பக்கம்' அதுதான். லேசர் பிரிண்டரில் மடிப்பும் இல்லை, துளைக்கோடும் இல்லை. ஆனாலும் ட்ரேயில் கிடக்கும் கட்டு யாருடையது என்று அந்த முதல் தாளைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.