பண்டமாரானும் வெள்ளமும்: வரலாறு கற்பிக்கும் பாடம்



பெருமழை பெய்தால் கிள்ளான் வட்டாரத்தில் நீர் எங்கே தேங்கும் என்பதை இம்மண்ணின் வரலாறே உணர்த்தும். மாணவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துரைக்கும் செய்தி இது.

1901-ஆம் ஆண்டில், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அது சதுப்புநிலக் காடுகள் சூழ்ந்த இடம். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவியது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியால் சதுப்பு திருத்தப்பட்டது. கரைகள் எழுப்பி, கால்வாய்கள் வெட்டினர். நோயும் தணிந்தது. அத்துறைமுகத்தை அடுத்த தாழ்நிலத்தில்தான், பின்னாளில் அவசரகாலத்தின்போது உருவான புதுக்கிராமங்களுள் ஒன்றாகிய பண்டமாரான் அமைந்தது.

கோலாலம்பூரில் பெய்யும் மழை கிள்ளான் ஆற்றின் வழியே நம் பக்கம் வந்துதான் கடலில் கலக்கிறது. 1971 சனவரியில் அவ்வாறு பெருக்கெடுத்தபோது தலைநகரில் 32 பேர் மாண்டனர். ஏறத்தாழ 180,000 பேர் பாதிக்கப்பட்டனர். அதன் பின்னரே வெள்ளத் தடுப்புப் பணிகள் விரைவு பெற்றன. 1987-இல் பத்து அணையும், 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கமும் வந்தன. எனினும், அச்சுரங்கம் காப்பது தலைநகரின் மையப் பகுதியை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் நமக்கு அந்தக் காப்பு இல்லை.

2021 டிசம்பர் 18 இதனை மெய்ப்பித்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நீரில் சிக்கின. அம்மாத வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கடலோரத்தாருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கடல் பெருக்கின்போது உப்புநீர் உள்ளே புகாதிருக்க மதகுகளை மூடுவர். அவ்வேளையில் கனமழை பெய்தால் மழைநீர் வெளியேற வழியின்றிச் சாலையில் தேங்கும். நாளொன்றுக்கு இருமுறை கடல் பெருகும் என்பதை நினைவிற் கொள்க.

சாலையில் தேங்கிய நீரின் ஆழத்தைக் கண்ணால் அளவிட இயலாது. ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே ஒருவரை வீழ்த்திவிடும்; 30 சென்டிமீட்டர் சிறிய காரை இழுத்துச் செல்லும்; 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. நம்மூரிலோ சாலையோரக் கால்வாய்கள் ஆழமானவை. பல இடங்களில் மூடியும் இல்லை. நீர் நிறைந்துவிட்டால் சாலை எது, கால்வாய் எது என்று தெரியாது.

இவ்வட்டாரத்தில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பெய்கிறது. பள்ளி முடியும் நேரமும் அதுவே. பிள்ளை நனைந்துவிடுமே என்ற பதற்றத்தில் பெற்றோர் பலர் மோட்டார் சைக்கிளில் வெள்ளத்தைக் கடந்து வருகின்றனர். இரு பிள்ளைகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அதே நீரில் திரும்பியும் செல்கின்றனர். காணும்போதெல்லாம் நெஞ்சம் பதைக்கிறது.

பெற்றோர்களே, மழை விடும்வரை காத்திருங்கள். தாமதமாகும் என்று பள்ளிக்கு ஓர் அழைப்பில் தெரிவியுங்கள். வழியில் நீர் தேங்கியிருந்தால் வந்த வழியே திரும்புங்கள். நீங்கள் வரும்வரை உங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் நாங்கள் துணையிருப்போம்.