வண்டி விட இடம்

விழுப்புரம் ஜங்ஷன் டூவீலர் ஸ்டாண்டில் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மேல் போனால் இடம் இருக்காது. இருக்காது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஸ்டாண்ட்காரர் யாரையும் திருப்பி அனுப்பமாட்டார். "சைடு லாக் போடாம உட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டி நாம் விட்ட இடத்தில் இருக்காது. எங்கோ ஒரு மூலையில், முன்னால் இருபது வண்டிகள் நெருக்கியடித்து நிற்க, சுவரோடு ஒட்டிக் கிடக்கும்.

திருவாமாத்தூரிலிருந்து ஸ்டேஷனுக்கு ஏழு கிலோமீட்டர் போல வரும். வார இறுதிக்கு ஊருக்கு வந்தால் திங்கள் காலை பெரியப்பா மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஸ்டேஷனுக்கு வருவது என் வழக்கம். அண்ணன் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். தினமும் ரயில். அதற்கு முன் பதினைந்து வருஷம் கடற்படையில் மாலுமி. பன்னிரண்டாவது முடித்து, 2001-ல் ஒடிசாவிலுள்ள சில்காவுக்குப் பயிற்சிக்குப் போனார். 2016-ல் பெட்டி ஆபீசராக வெளியே வந்தார்.

ஒரு திங்கள் அன்று டோக்கனை வாங்கிப் பர்ஸில் வைத்தபடி சொன்னார்: "நேவில இருந்த காலத்துல நான் கடல பாத்தத விட வண்டி விட எடம் தேடினதுதான்டா ஜாஸ்தி."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரயில் கிளம்பித் திண்டிவனம் வரும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். "எந்த ஊர்னு மட்டும் எழுதிடாத" என்று கடைசியில் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

அவர் சொன்ன நிலவரம் இது. தளம் நகரத்தின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் ஊர். காம்பவுண்டுக்குள்ளே மாலுமிகளின் வண்டிக்கு இடம் குறைவு, அதற்கும் பாஸ் வேண்டும். பாஸ் அதிகாரிகளுக்கு முதலில். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், கடைக்காரரிடம் கெஞ்சி நிறுத்த வேண்டும். மழை நாளில் கேட்டிலிருந்து ஜெட்டிக்கு நடந்தே போய், நனைந்த யூனிஃபார்மோடு ஆஜர் கொடுக்க வேண்டும். லேட்டானால் அதற்குத் தனிக் கணக்கு. "கப்பலுக்கு பெர்த் குடுத்துடுவாங்க. எனக்கு பெர்த் இல்ல" என்றார்.

அண்ணன் ஓட்டுவது பஜாஜ் வி. ரிட்டயர் ஆகி வந்த வருஷமே வாங்கினார். காரணம் அந்த வண்டியின் கதை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அங்கிருந்துதான் வந்தது.

1943-ல் பிரிட்டனில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் விட்ட ஹெர்குலிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை இந்தியா 1957-ல் வாங்கியது. அதைப் பெல்ஃபாஸ்டில் முடித்து, 1961 மார்ச் 4 அன்று ஐஎன்எஸ் விக்ராந்த் என்று கடற்படையில் சேர்த்தார்கள். 1997 வரை ஓடியது. பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. அண்ணன் ஒரு முறை மும்பை போயிருந்தபோது அதில் ஏறிப் பார்த்திருக்கிறார். 2012-ல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். பராமரிக்கப் பணம் இல்லை, நிறுத்தி வைக்க நிரந்தரமான இடம் இல்லை. ஏலம் விட்டார்கள், சுமார் 60 கோடி ரூபாய்க்குப் போனது. காப்பாற்றச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றமும் உடைக்க அனுமதித்தது. தாருகானாவில் கேஸ் கட்டர் வைத்து அறுத்தார்கள். அந்த இரும்பில் கொஞ்சத்தை பஜாஜ் கம்பெனி வாங்கி, உருக்கி, 2016-ல் பைக்காகக் கொண்டுவந்தது.

நிறுத்த இடம் கிடைக்காத ஒரு கப்பல் துண்டு துண்டாகி, ஊர் ஊராக நிறுத்த இடம் தேடும் ஆயிரக்கணக்கான பைக்குகளாகிவிட்டது. விளம்பரத்தில் இதையெல்லாம் சொல்லவில்லை. தேசபக்தியைச் சொன்னார்கள்.

அந்தக் கப்பலை நிறுத்துவதே ஒரு காலத்தில் போர்த்தந்திரமாக இருந்தது. 1971-ல் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தின் கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதை மூழ்கடிப்பதற்கென்றே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி நவம்பர் நடுவில் கராச்சியிலிருந்து கிளம்பியது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஆள் அரவமற்ற ஒரு துறையில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். விசாகப்பட்டினத்திலோ விக்ராந்த் அங்கேயே இருப்பதுபோல் ஒரு நாடகம். ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்த் மாதிரி வயர்லெஸ் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு உணவுப் பொருட்களுக்கு பஜாரில் ஆர்டர் போனது. ஒற்றர் காதுக்கு மளிகைக் கடை வழியாகச் செய்தி போகட்டும் என்ற கணக்கு. காஸி அந்தமான் பக்கம் தேடாமல் விசாகப்பட்டினத்துக்கு வந்து, டிசம்பர் 3-4 இரவில் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. ராஜ்புத் போட்ட வெடியால் என்பது இந்தியத் தரப்பு. தன் கண்ணிவெடிகளே வெடித்ததால் என்பது பாகிஸ்தான் தரப்பு. எப்படியும் அதிலிருந்த யாரும் பிழைக்கவில்லை.

கப்பலை எங்கே விடுவது என்பதை அவ்வளவு மூளை செலவழித்து யோசித்தார்கள். அதில் வேலை செய்தவன் தன் சைக்கிளை எங்கே விட்டான் என்று எந்தப் போர் வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

பழைய கடற்படைத் தளங்கள் ஊர்களின் நடுவில் சிக்கிக்கொண்டதற்குக் காரணம் எளிது. தளம்தான் முதலில் வந்தது. 1736-ல் சூரத்திலிருந்து லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா வந்து கப்பல் கட்டத் தொடங்கியபோது பம்பாய் சிறிய ஊர். 1750-களில் அங்கே கட்டிய உலர் துறைதான் ஆசியாவின் முதல் உலர் துறை என்பார்கள். 1817-ல் அங்கே தேக்கில் கட்டிய போர்க்கப்பலின் பெயர் ட்ரிங்கமலி, அதாவது நம் திருகோணமலை. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் நிற்கிறது, டிக்கெட் வாங்கி ஏறிப் பார்க்கலாம். (வாடியாக்களின் தேக்குக் கப்பலுக்கு நிற்க இடம் கிடைத்தது, விக்ராந்துக்குக் கிடைக்கவில்லை.) டாக்யார்டைச் சுற்றிக் கோட்டை, கோட்டையைச் சுற்றி வியாபாரம், அதைச் சுற்றி நகரம். மதில் ஒரு முறை எழுந்த பிறகு அந்தப் பக்கம் நகர வழியில்லை.

கூடவே ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. என் தொழிலில் உச்ச நேரச் சுமை என்று ஒன்றைப் பற்றி எப்போதும் கவலைப்படுவோம். சர்வர் வருஷம் முழுக்கச் சும்மா இருக்கும், தீபாவளித் தள்ளுபடி அன்று விழுந்துவிடும். கடற்படைத் தளமும் அப்படித்தான். கப்பல்கள் கடலில் இருக்கும்போது தளம் காலி. எல்லாம் ஒன்றாகக் கரைக்கு வந்தால் ஒரே காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கேட்டில். அதைவிட வேடிக்கை, கப்பல் கிளம்பிப் போனாலும் வண்டி கிளம்புவதில்லை. மாலுமி ஆறு மாதம் கடலில் இருப்பான், அவன் வண்டி ஆறு மாதம் அதே இடத்தில் தூசி படிந்து நிற்கும். கார் தன் ஆயுளில் 95 சதவீத நேரம் சும்மாதான் நிற்கிறது என்று பார்க்கிங்கைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் சொல்வார். மாலுமியின் கார் அதையும் மிஞ்சும்.

அமெரிக்காவில் இது பழைய தலைவலி. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில் 1891-லிருந்து கடற்படைக் கப்பல் பட்டறை இருக்கிறது. சின்ன ஊர், பெரிய பட்டறை. அங்கே ஒரு அழகான ஏற்பாட்டைச் செய்துவைத்திருக்கிறார்கள். பட்டறைத் தொழிலாளி ஒருவரே காலையில் தன் பகுதி ஆட்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓட்டி வருவார். பகலில் வெல்டிங்கோ மின்வேலையோ பார்ப்பார். சாயங்காலம் அதே பஸ்ஸை வீட்டுப் பக்கம் ஓட்டிப் போவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய வழக்கம் என்கிறார்கள், இன்றும் நடக்கிறது. இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே புத்திசாலித்தனமான யோசனை இதுதான். செலவு குறைவு, அதனால்தானோ என்னவோ வேறெங்கும் அதிகம் பரவவில்லை.

அதே பிரெமர்ட்டனுக்கு 2012 ஜனவரியில் ரொனால்டு ரீகன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் பழுதுபார்ப்புக்காக சான்டியேகோவிலிருந்து வந்தது. இணையத்தில் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். விமானங்கள் நிற்க வேண்டிய மேல்தளம் முழுக்க மாலுமிகளின் கார்கள், வரிசை வரிசையாக. உலகத்திலேயே விலை உயர்ந்த பார்க்கிங். படத்தை அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, வண்டியையும் கூட்டினு போறாங்களே" என்றார்.

ஆனால் கரையில் இறங்கிய பிறகு அங்கேயும் அதே கதைதான். 2017-ல் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அணு எரிபொருள் மாற்றத்துக்காக வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் பட்டறைக்குள் போனது. நான்கு வருஷ வேலை இழுத்துக்கொண்டே போய் 2023 மே மாதம்தான் முடிந்தது. சில நூறு இளம் மாலுமிகள் சத்தமும் தூசியும் நிறைந்த அந்தக் கப்பலிலேயே தங்கினார்கள். மற்றவர்கள் தூரத்தில் காரை விட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, நடந்து வந்தார்கள். 2022 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் அந்தக் கப்பலைச் சேர்ந்த மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

இங்கே கவனமாக எழுத வேண்டும். பார்க்கிங் இல்லாததால் யாரும் சாவதில்லை. ஒவ்வொருவரின் துயரமும் வேறு. கடற்படையே நடத்திய விசாரணைகளும் அவற்றை ஒரே காரணத்தில் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்தக் கப்பலில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று விசாரித்தபோது தங்குமிடம், தூக்கம் ஆகியவற்றோடு பார்க்கிங்கும் ஒரு தலைப்பாக வந்து நின்றது. எட்டு மணி நேர வேலையின் இரு பக்கமும், கணக்கில் வராத நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் கப்பலுக்கு வந்து பேசிய கடற்படையின் மூத்த மாலுமி ரஸ்ஸல் ஸ்மித், நீங்கள் மரைன்களைப் போலப் பதுங்குகுழியில் தூங்கவில்லையே என்ற பொருளில் சொன்னது அங்கே பெரிய கோபத்தைக் கிளப்பியது. கோபம் நியாயம். பதுங்குகுழியில் இருப்பவனுக்குப் போர் என்று ஒரு காரணமாவது இருக்கிறது.

யாருடைய நேரம் மலிவோ அவர் தூரத்தில் நிறுத்தட்டும் என்பதுதான் எல்லா இடத்திலும் ஒதுக்கீட்டின் விதி. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் லிஃப்டுக்குப் பக்கத்துக் கட்டங்களில் பெயர்ப்பலகை இருக்கும், பாதி நாள் காலியாகவே கிடக்கும். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் ஸ்கூட்டியை மெயின் ரோட்டு டீக்கடை ஓரம் விட்டு வருவார்கள். அப்போது எனக்கு அது கண்ணில் படவே இல்லை, இப்போது எழுதும்போதுதான் படுகிறது.

இடமில்லை என்றால் ஊரைவிட்டு வெளியே போகலாமே? போனார்கள். மும்பை நெரிசலுக்கு மாற்றாகக் கர்நாடகத்தின் கார்வாரில் தளம் அமைக்க 1986 அக்டோபரில் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார். 2005-ல் ஐஎன்எஸ் கதம்பா செயல்பாட்டுக்கு வந்தது. விசாலமான இடம், மாலுமிகளுக்குக் குடியிருப்பு, அகலமான ரோடு. அதற்காகப் பதின்மூன்று கிராமங்களிலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. கூடுதல் இழப்பீட்டுக்கான வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. நகரத்துத் தளத்தில் மாலுமி நடந்து தீர்க்கும் பற்றாக்குறையை இங்கே மீனவர் வீட்டைக் கொடுத்துத் தீர்த்தார். கார்வாரைப் பற்றி அண்ணனிடம் கேட்டபோது, "அங்க போஸ்டிங் கெடைச்சவங்க லக்கி" என்றார். நான் அந்தக் குடும்பங்களின் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் கடற்படையில் சேர்ந்தது. 262 மீட்டர் நீளம். இதற்கும் அதே பிரச்சினை. விசாகப்பட்டினத்தில் இவ்வளவு நீளக் கப்பலுக்கு ஏற்ற பெர்த் தயாராகவில்லை. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் ஒரு தனியார் துறைமுகத்தின் பெர்த்தை எட்டு வருஷத்துக்கு வாடகைக்கு எடுக்கக் கடற்படை ஏற்பாடு செய்வதாகச் செய்தி வந்தது. சுமார் 20,000 கோடியில் கட்டிய கப்பலுக்கு வாடகை ஸ்டாண்ட்! நம் பக்கத்தில் தேர் செய்வதற்கு முன்பே தேரடியை முடிவு செய்துவிடுவார்கள். தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்தால்தான் திருவிழா முடிந்ததாகக் கணக்கு.

அன்று சாயங்காலம் நானும் சென்னையிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. அண்ணன் வந்த ரயிலிலேயே இறங்கினேன். ஸ்டாண்டில் கூட்டம். ஸ்டாண்ட்காரர் அண்ணனைப் பார்த்ததும், "மிலிட்டரி, உன் வண்டி முன்னாடியே இருக்கு" என்று கை காட்டினார். பஜாஜ் வி வாசலோரம் தனியாக நின்றது. அண்ணன் அவருக்குத் தினமும் பத்து ரூபாய் கூடக் கொடுக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். "காலைல மட்டும்தான்டா கஷ்டம்" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

பின்னால் சுவரோரத்தில் மெடிக்கல் ஷாப் கோட்டுப் போட்ட ஒரு பெண் தன் ஸ்கூட்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். முன்னால் நான்கு வரிசை. அண்ணன் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். "இரும்மா, இந்தப் பக்கம் தள்ளு" என்று குரல் கேட்டது. ஒவ்வொரு வண்டியாக நகர்த்தி வழி செய்ய இருவருக்கும் கால் மணி நேரம் ஆனது.