விக்கி மென்பொருளும் நம்பிக்கையின் எல்லையும்

1995-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்தில், மென்பொருள் எழுதுவோர் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு, எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டுடன் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கித் தளத்தைத் திறந்துவைத்தபோது, மனிதர்மேல் கொண்ட விசுவாசமே ஒரு மென்பொருளுக்கு அஸ்திவாரமாயிற்று. அந்த விசுவாசத்துக்கு எல்லை வகுத்த சரித்திரமும் அதே அளவு சிரத்தையுடன் அறியத்தக்கது.

எழுதும் உரிமை எல்லோருக்கும் இருந்தாலும், எளிய குறியீடுகளால் மட்டுமே எழுதலாம் என்ற கட்டுப்பாடும் உடனிருந்தது. ஒருவர் எழுதும் எச்.டி.எம்.எல். நிரலை அப்படியே ஏற்றுக்கொண்டால், அதனுள் ஒளிந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை, படிக்க வருபவரின் உலாவியில் அவருடைய அதிகாரத்தைக் கொண்டே இயங்கும். அவர் நிர்வாகியாக இருந்துவிட்டால் தளம் முழுவதும் எழுதியவன் வசமாகிவிடும். இவ்வகை அபாயம் குறித்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'செர்ட்' என்ற கணினிப் பாதுகாப்பு நிலையம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது.

விக்கிப்பீடியாவுக்காக ஜெர்மானிய மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே இயற்றி, 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, லீ டேனியல் க்ராக்கரால் அவ்வாண்டிலேயே திருத்தியமைக்கப்பட்டு, 2003-இல் மீடியாவிக்கி என்று பெயர்பெற்ற மென்பொருள், காலக்கிரமத்தில் நிறுவனங்களின் அந்தரங்கத் தளங்களிலும் குடிபுகுந்தது. அங்கே எழுதுவோர் சிலரே. அவர்களுக்குப் படிவங்களும் காணொளிகளும் பக்கத்தில் வேண்டியிருந்தன. எச்.டி.எம்.எல். நிரலை அப்படியே ஏற்று அதற்கு உதவும் 'ரா எச்.டி.எம்.எல்.' என்ற அமைப்பு, இயல்பாக அணைக்கப்பட்டே வருகிறது. நிறுவுபவர் 'லோக்கல் செட்டிங்ஸ்' கோப்பில் ஒரே வரி எழுதினால் இயங்கத் தொடங்கும். பொதுமக்கள் திருத்தும் தளத்தில் இது மிகவும் ஆபத்தானது, நம்பிக்கைக்குரியவர்க்கு மட்டும் தொகுக்கும் அனுமதி தருக என்ற எச்சரிக்கையை, அதை ஆக்கியோர் மூலநிரலிலேயே அந்த அமைப்பின் அருகில் பெரிய எழுத்துகளில் பொறித்துவைத்தனர்.

இவ்வாறு எழுதிவைத்ததன் அருமை நாளடைவில்தான் விளங்கும். இன்று ஐவர் மட்டும் எழுதும் தளம் நாளை ஐந்நூறு பேருக்குத் திறக்கப்படலாம். அமைப்பை மாற்றியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். அந்த ஒற்றை வரி மட்டும் காரணம் சொல்வாரின்றி நிலைத்திருக்கும். நம்பிக்கைக்குரியவரின் கடவுச்சொல்லும் களவுபோகக்கூடும். இதனை உணர்ந்தே, விக்கிப்பீடியாவில் தளம் முழுவதிலும் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டை மாற்றும் உரிமை அதுவரை நிர்வாகிகள் அனைவருக்கும் இருந்ததை, 2018-இல் 'இடைமுக நிர்வாகிகள்' என்ற தனிப் பிரிவினருக்குரியதாக ஒதுக்கினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த விதிக்கு உட்பட்டதே. நிர்வாகிகளின் நாணயத்தைச் சந்தேகித்து எழுந்த ஏற்பாடன்று அது. ஒரு கணக்கு பறிபோனால் விளையும் சேதத்தைக் குறைப்பதே அதன் நோக்கம்.

ஆகவே, அபாயமான அமைப்பொன்றைத் தெரிந்தே ஏற்பவர், யாரை நம்பி, எந்த நிபந்தனையின்மேல், எந்தத் தேவைக்காக ஏற்றார் என்பதையும், எப்போது அதை அணைத்துவிட வேண்டும் என்பதையும் அந்த அமைப்பின் வரி உள்ள கோப்பிலேயே எழுதிவைப்பது, தமக்குப் பின் அத்தளத்தைக் காப்பவருக்குச் செய்யும் முதற்கடமையாகும்.